புவிச்சரிதவியலின் கிளைகள் எவை? திருகோணமலையை வைத்து மாணவருக்கு விளக்க முடியுமா?

உப்புவெளி ஆசிரியர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை நகரை அண்டிய பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புகளுக்குப் புவியியல் கற்பிக்கிறேன். அடுத்த தவணையில் நடைபெறவிருக்கும் பாடசாலைக் கண்காட்சியில், புவியின் பாறைகளையும் வரலாற்றையும் ஆராயும் புவிச்சரிதவியலுக்கென்று ஓர் அறையை ஒதுக்கித் தந்திருக்கிறார்கள். அதன் கிளைகளையும் ஒவ்வொரு கிளையும் எதனை ஆராய்கிறது என்பதையும் பதாகைகளாக எழுதித் தொங்கவிடுவதே மாணவர்களின் திட்டம்.

அவர்கள் திரட்டிக் கொண்டுவந்த குறிப்புகளைப் படித்தபோது எனக்கு நிறைவு ஏற்படவில்லை. கனியவியல் கனியங்களை ஆராய்வது, பாறையியல் பாறைகளை ஆராய்வது, உயிர்ச்சுவட்டியல் உயிர்ச்சுவடுகளை ஆராய்வது என்று வரிக்கு வரி பெயரையே திருப்பிச் சொல்லும் வரைவிலக்கணங்களாகவே அவை இருந்தன. பரீட்சைக்கு அது போதுமாயிருக்கலாம். கண்காட்சிக்கு வரும் பெற்றோர் அதிலிருந்து எதை அறிந்துகொண்டு போவார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

மாணவர்கள் என்னிடம் கேட்டு, நான் செம்மையாகப் பதில் சொல்ல இயலாத இரண்டு கேள்விகளை இங்கே வைக்கிறேன். கனியவியல், பாறையியல், புவியிரசாயனவியல் ஆகிய மூன்றும் ஒரே கல்லைத்தானே ஆராய்கின்றன, அவை எங்கே பிரிகின்றன என்பது முதலாவது. கன்னியாவில் வெந்நீர் ஊறுவதால் அதன் அடியில் எரிமலை இருக்கிறதா, அவ்வாறாயின் எரிமலையியலுக்கும் ஒரு பதாகை வைக்கலாமா என்பது மற்றையது. கோணேசர் மலை, கன்னியா, புல்மோட்டை, துறைமுகம் என்று எங்கள் மாவட்டத்திலேயே எடுத்துக்காட்டுகள் கிடைத்தால் பெரிதும் உதவியாக இருக்கும்.

கருங்கல் எழுதியது:

ஐயா, வணக்கம். உங்கள் மாணவர்களின் பட்டியல் கிளைகளை அவை ஆராயும் பொருளைக் கொண்டு பிரிக்கிறது. நடைமுறையில் அவை பெரும்பாலும் கேள்வியைக் கொண்டே பிரிகின்றன. ஒரே பாறையின் முன் பல ஆய்வாளர்கள் நின்றால் ஒவ்வொருவரும் அதனிடம் வேறொன்றைக் கேட்பார்கள். ஆகவே நீங்கள் குறிப்பிட்ட கோணேசர் மலையையே எடுத்துக்கொண்டு, யார் யார் என்ன கேட்பார்கள் என்று பார்ப்போம்.

இலங்கையின் புவிச்சரிதவியல் படத்தில் திருகோணமலை, நாட்டின் நடுவே தென்மேற்கிலிருந்து வடகிழக்காகச் செல்லும் உயர்நிலத் தொகுதி என்னும் பாறைப் பகுதியின் வடகிழக்கு முனையில் அமைந்திருக்கிறது. அத்தொகுதியின் மேற்கே வன்னித் தொகுதியும் கிழக்கே விஜயன் தொகுதியும் உள்ளன. நகரையும் துறைமுகத்தையும் சூழ்ந்துள்ள மேடுகளிலும் முனைகளிலும் குவாட்சைட் என்னும் உருமாறிய பாறை முக்கிய இடம் பெறுகிறது. ஒரு காலத்தில் மணலாகப் படிந்து, ஆழத்தில் புதையுண்டு, வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் மணிகள் ஒன்றோடொன்று இறுகிப் பிணைந்து உருவான பாறை இது.

கனியவியலாளர் இதில் ஒரு மணியை எடுத்துக்கொள்வார். அது குவாட்ஸ் என்றால், சிலிக்கனும் ஒட்சிசனும் அதனுள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன, அந்த அடுக்கால் அதற்கு ஏன் (10 வரையான மோ அளவுகோலில்) 7 என்ற கடினத்தன்மை வாய்க்கிறது, பெல்ஸ்பார் என்னும் மற்றொரு கனியம் மழைநீரில் சிதைந்து களியாகும்போது குவாட்ஸ் மட்டும் ஏன் மணலாக நிலைத்துவிடுகிறது என்பவை அவருடைய கேள்விகள். இத்துறையில் நமக்குப் பெருமை சேர்த்தவர் ஒருவரையும் மாணவருக்கு அறிமுகப்படுத்தலாம். கலை வரலாற்று அறிஞராகவே உலகம் அறிந்திருக்கும் ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிய அளவைப் பணிக்குத் தலைமை தாங்கிய புவிச்சரிதவியலாளர். தோரியனைட் என்னும் கனியம் இலங்கையிலிருந்து 1904ஆம் ஆண்டு உலகுக்கு அறிமுகமானதில் அவருக்குப் பங்குண்டு.

பாறையியலாளருக்குத் தனி மணி போதாது. எந்தக் கனியங்கள் எவற்றோடு சேர்ந்திருக்கின்றன என்பதே அவருக்கு வேண்டிய செய்தி; அந்தச் சேர்க்கையைக் கொண்டு பாறை எந்த ஆழத்தில், எந்த வெப்பநிலையில் உருவானது என்று அவர் கணிப்பார். இதற்கு அண்டலூசைட், கயனைட், சிலிமனைட் ஆகிய மூன்று கனியங்களையும் காட்டுவது மிகவும் பொருந்தும். மூன்றின் இரசாயனச் சேர்க்கையும் ஒன்றே. எனினும் குறைந்த அமுக்கத்தில் அண்டலூசைட்டும், அமுக்கம் மிகுந்து வெப்பம் ஒப்பளவில் குறைந்த இடத்தில் கயனைட்டும், உயர்ந்த வெப்பத்தில் சிலிமனைட்டும் தோன்றுகின்றன. உயர்நிலத் தொகுதியின் பாறைகளில் சிலிமனைட் பரவலாகக் கிடைப்பதும், கூடவே கார்னட் முதலியவை அமைந்திருக்கும் விதமும், இன்று நாம் நடந்து திரியும் இந்த நிலம் ஒரு காலத்தில் 20 கிலோமீற்றருக்கும் கூடிய ஆழத்தில், 800 பாகை செல்சியஸ் அளவான வெப்பத்தில் கிடந்தது என்பதைக் காட்டுகின்றன. அதற்கு மேலே இருந்த பாறை முழுவதும் அரிக்கப்பட்டுப் போயிற்று. என்னைக் கேட்டால் கண்காட்சியின் முதற் பதாகையில் இந்த ஒரு செய்தியையே பெரிய எழுத்தில் எழுதுவேன்.

புவியிரசாயனவியலாளர் கனியத்தின் வடிவத்தையும் சேர்க்கையையும் தாண்டி, மூலகங்களின் பயணத்தைப் பின்தொடர்பவர். மூலகங்களும் அவற்றின் சமதானிகளும் (ஒரே மூலகத்தின் நிறை வேறுபட்ட அணுக்கள்) எந்த விகிதத்தில் உள்ளன, அந்த மணல் எந்தப் பழைய நிலத்திலிருந்து அரித்து வரப்பட்டது, உருமாற்றத்தின்போது எந்த மூலகம் வெளியேறியது என்பன அவர் கேட்பவை. உங்கள் முதலாவது கேள்விக்கு இதுவே விடை: ஒருவர் மணியின் உள்ளமைப்பையும், மற்றவர் மணிகளின் கூட்டத்திலிருந்து பாறையின் பிறப்பையும், மூன்றாமவர் அணுக்களின் வரவு செலவையும் ஆராய்கிறார்கள். ஆய்வுகூடத்தில் மூவரும் அநேகமாக ஒரே கருவியைத்தான் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பது வேறு விடயம்.

இதிலிருந்து கிளைத்ததுதான் புவிக்காலவியல். சேர்கோன் என்னும் கனியம் படிகமாகும்போது யுரேனியத்தைத் தன்னுள் ஏற்றுக்கொள்கிறது. ஈயத்தை ஏறத்தாழ முற்றாகத் தள்ளிவிடுகிறது. யுரேனியம் 238 தன் அளவில் பாதியாகக் குறைந்து ஈயமாக மாற ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் செல்லும். ஆகவே ஒரு சேர்கோன் மணியில் இன்று இருக்கும் யுரேனியத்தையும் ஈயத்தையும் அளந்தால் அதன் வயது தெரியவரும். உயர்நிலத் தொகுதியின் அடையல்களிலிருந்து பிறந்த பாறைகளில் 200 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட சேர்கோன் மணிகள் உள்ளன. அப்பாறைகள் கடும் வெப்பத்தில் உருமாறியதோ ஏறத்தாழ 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், கொண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில். அப்போது இலங்கைக்கு அயலில் இருந்தவை தென்னிந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா ஆகியன.

அமைப்புப் புவிச்சரிதவியலாளர் கல்லை உடைத்துப் பார்ப்பதற்கு முன் திசையறி கருவியையும் சாய்வுமானியையும் கையில் எடுப்பார். பாறைப் படைகள் எத்திசையில் எத்தனை பாகை சாய்கின்றன, எங்கே மடிந்திருக்கின்றன, எங்கே உடைந்து விலகியிருக்கின்றன என்பவற்றைப் படத்தில் குறித்து, அந்த மடிப்புகளை உண்டாக்கிய விசை எப்பக்கமிருந்து வந்தது என்று அவர் ஊகிப்பார். கோணேசர் மலைக் கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் எட்டிப் பார்க்கும் இராவணன் வெட்டு அவருடைய கண்ணுக்கு ஒரு பெரும் பிளவு. அதன் திசை, அயலிலுள்ள மற்றைய பிளவுகளின் திசையோடு ஒத்துப்போகிறதா என்பதையே அவர் முதலில் அளப்பார். அதே பாறையைக் கடலில் படகில் இருந்து பார்க்கும், நிலத்தோற்றங்களை ஆராயும் புவிவெளியுருவவியலாளருக்கு, குவாட்சைட் அரிப்பை எதிர்த்து முனையாக நிற்க, அயலிலுள்ள மென்மையான பாறை குடாவாக உள்வாங்கிய கதை முக்கியமாகிறது.

புவிப்பௌதிகவியலைக் கடைசியாகச் சொல்கிறேன், ஏனெனில் அது கல்லைத் தொடாமலேயே நடைபெறுவது. நிலத்தினுள் செல்லும் அதிர்வலைகள், ஈர்ப்பின் சிறு வேறுபாடுகள், காந்தப்புலம், மின்கடத்துதிறன் என்பவற்றை அளந்து, எவரும் தோண்டிக் காண இயலாத ஆழத்தைப் பற்றி அது பேசுகிறது. புவியோட்டுக்கும் அதற்குக் கீழுள்ள மென்மூடிக்கும் இடையிலான எல்லையை 1909இல் மொகரோவிசிச் கண்டறிந்ததும், புவியின் நடுவே திண்மமான உட்பகுதி ஒன்று உண்டென்று 1936இல் இங்கே லேமன் என்ற பெண்மணி காட்டியதும் அதிர்வலைப் பதிவுகளைக் கொண்டே. அதன் ஒரு பிரிவாகிய புவிநடுக்கவியலைப் பற்றி எங்கள் கரையில் உள்ளவர்களுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் ஏற்பட்ட நடுக்கத்தின் அதிர்வலைகள் சில நிமிடங்களில் இலங்கையை எட்டின; ஆழிப்பேரலை கிழக்குக் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. அந்த இடைவெளியே இன்று முன்னெச்சரிக்கைக்கு அடிப்படையாகியிருக்கிறது.

கிணற்றடி எழுதியது:

கருங்கல் அவர்கள் கன்னியாவைத் தொடாமல் விட்டதால் அதைப் பற்றி நான் எழுதுகிறேன். நிலத்தடி நீர்த் துறையில் நீண்ட காலம் வேலை செய்தவன்; குழாய்க்கிணறு அடிக்க இடம் பார்த்துக் கொடுப்பதே என் தொழிலாக இருந்தது.

ஆசிரியர் ஐயா, எரிமலையியலுக்குப் பதாகை வைப்பதில் தடையில்லை, ஆனால் அதைக் கன்னியாவோடு சேர்க்க வேண்டாம். இலங்கையில் உயிருள்ள எரிமலை எதுவும் இல்லை. புவியோட்டுத் தட்டுகளின் எல்லையிலிருந்து நாடு வெகுதூரத்தில் இருக்கிறது. நிலத்தினுள் ஆழமாகச் செல்லச் செல்ல ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் பொதுவாக 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை வெப்பம் ஏறும். மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே போதிய ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி, வேறொரு பிளவின் வழியே தாமதமின்றி மேலே வந்துவிட்டால் வெந்நீரூற்று உண்டாகிறது. மெதுவாக வந்தால் வழியிலேயே ஆறிவிடும். மகா ஓயா, மகாபெலஸ்ஸ முதலிய இடங்களிலுள்ள ஊற்றுகளும் இவ்வகையானவையே. இலங்கையின் வெந்நீரூற்றுகள் பல உயர்நிலத் தொகுதிக்கும் விஜயன் தொகுதிக்கும் இடைப்பட்ட எல்லையை ஒட்டி வரிசையாக அமைந்திருப்பதும் அந்தப் பிளவுகளின் பங்கைச் சுட்டுகிறது. இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக வாளை நிலத்தில் ஊன்றி எழுப்பியவை இக்கிணறுகள் என்ற ஐதீகத்தைப் பதாகையில் முதலில் எழுதி, அதன் கீழே இந்த விளக்கத்தை எழுதினால் எவரும் மனம் புண்படமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

கன்னியாவை விளக்கவே பல கிளைகள் கைகோக்க வேண்டியிருப்பதை மாணவர் கவனிக்கட்டும். நீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பது நீர்ப் புவிச்சரிதவியலின் வேலை. அந்த நீரில் கரைந்துள்ள சிலிக்காவின் அளவைக் கொண்டு அது ஆழத்தில் எவ்வளவு சூடாக இருந்தது என்று மதிப்பிடுவது புவியிரசாயனவியலின் வேலை. சூடு கூடக் கூடச் சிலிக்கா அதிகமாகக் கரையும் என்பதால் இது இயலுகிறது. பிளவு எவ்வழியாகச் செல்கிறது என்பதை மின்தடை அளவீட்டால் தேடுவது புவிப்பௌதிகவியல்.

எங்கள் தொழிலில் பாறை மாறினால் முழுக் கணக்கும் மாறிவிடும். யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக்கல்லில் நீர் துளைகளிலும் குகைகளிலும் தங்குகிறது. கடல்நீரின் மேல் நன்னீர் வில்லைபோல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் நன்னீர் இருக்கும் என்பது அங்குள்ள பொதுவிதி, அதனாலேயே அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே ஏறுகிறது. நிலாவெளி, உப்புவெளிக் கரையோர மணற்பரப்பில் மழைநீர் மணலுக்குள்ளேயே ஆழமின்றித் தேங்குகிறது. சற்று உள்ளே போய் வன்பாறையில் துளையிட்டால், பிளவில் பட்டால்தான் தண்ணீர். படாவிட்டால் பக்கத்து வளவில் நல்ல கிணறு இருந்தும் இங்கே வெறும் கல்தூள்தான் வரும். துளையிட்ட செலவைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிற குடும்பங்களைக் கண்டிருக்கிறேன். அமைப்புப் புவிச்சரிதவியல் படித்தவரின் பெறுமதி அப்போதுதான் ஊருக்குத் தெரியும்.

நீரின் தரத்தோடு தொடர்புடைய மருத்துவப் புவிச்சரிதவியலும் இங்கே குறிப்பிடத்தக்கது. குடிநீரில் புளோரைட்டு லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாதென்று உலகச் சுகாதார நிறுவனம் வழிகாட்டுகிறது. நாட்டின் உலர்வலயத்தில் பல கிணறுகள் அந்த அளவைத் தாண்டுகின்றன. பிள்ளைகளின் பற்களில் படியும் பழுப்புக் கறைக்குக் காரணம் அதுவே. அந்தப் புளோரைட்டு கழிவாலோ உரத்தாலோ மட்டும் வந்ததென்று எண்ணுவோர் பலர், ஆயினும் அதன் முதன்மையான ஊற்று பாறையிலுள்ள மைக்கா, அப்பட்டைட் முதலிய கனியங்களே.

கொட்டியாரக்குடா எழுதியது:

இருவரின் விளக்கங்களும் பயனுள்ளவை. ஆயினும் கருங்கல் அவர்களின் வாதத்தில் ஒரு பகுதியை என்னால் ஏற்க இயலவில்லை. எல்லாக் கிளைகளும் கேள்வியாலேயே பிரிகின்றன என்றால், கடற் புவிச்சரிதவியல் எப்படித் தனிக் கிளையானது? அது இடத்தால் பிரிந்தது. கடலடியில் பாறையியலும் உண்டு, அடையலியலும் உண்டு, பௌதிகவியலும் உண்டு. கப்பலும் எதிரொலிமானியும் இல்லாமல் அவற்றுள் எதையும் செய்ய முடியாதென்பதால் அவை ஒரு கூரையின் கீழ் வந்தன. கோள்களின் புவிச்சரிதவியலும் அப்படியே. 1972இல் அப்பலோ 17 விண்கலத்தில் சென்று நிலவில் நடந்த ஹரிசன் ஷ்மிட் அடிப்படையில் ஒரு புவிச்சரிதவியலாளர்; அவர் அங்கே செய்தது இங்கே செய்யும் அதே பாறை வேலைதான். இன்னும் சில கிளைகள் பயனால் பிரிந்தவை. பொருளாதாரப் புவிச்சரிதவியல், பெற்றோலியப் புவிச்சரிதவியல், பொறியியற் புவிச்சரிதவியல் ஆகியன அத்தகையவை. ஆகவே பதாகைகளை ஒரே அளவுகோலால் அடுக்க முயல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

புல்மோட்டையை அடையலியலுக்கும் பொருளாதாரப் புவிச்சரிதவியலுக்கும் உரிய இடமாகக் காட்டலாம். அடையலியல், சிதைந்த பாறைத் துகள் நீராலும் காற்றாலும் எப்படி எடுத்துச் செல்லப்பட்டு, எப்படித் தரம் பிரிந்து, எங்கே படிகிறது என்பதை ஆராய்வது. உள்நாட்டு உருமாறிய பாறைகளிலிருந்து ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த மணலில் குவாட்ஸோடு இல்மனைட், ரூட்டைல், சேர்கோன், மொனசைட், கார்னட், சிலிமனைட் ஆகியனவும் கலந்திருக்கும். குவாட்ஸின் அடர்த்தி 2.65, இல்மனைட்டுக்கும் சேர்கோனுக்கும் அது ஏறத்தாழ 4.7. வாடைக் காலத்து அலை கரைமீது ஏறி இறங்கும்போது இலேசான குவாட்ஸைத் திரும்ப இழுத்துக்கொண்டு, பாரமானவற்றைக் கரையில் விட்டுவிடுகிறது. சுளகில் புடைக்கும்போது பதர் பறந்து நெல் நிற்பதைப் போன்ற வேலை இது. அதனால் உண்டானதே கறுத்த மணற்கரை.

அந்தப் படிவு எத்தனை அகலம், எத்தனை ஆழம், எடுத்தால் கட்டுப்படியாகுமா, எடுத்தபின் கரைக்கு என்ன நேரும் என்ற கணக்கு பொருளாதாரப் புவிச்சரிதவியலுக்கு உரியது. எடுத்த மணலை மேலும் பிரிப்பதற்கு இல்மனைட் காந்தத்தால் ஈர்க்கப்படுவதும், ரூட்டைல் மின்னைக் கடத்துவதும், சேர்கோன் கடத்தாததும் பயன்படுகின்றன. மாணவர் கண்காட்சியில் ஒரு தட்டில் கறுத்த மணலையும் ஒரு காந்தத்தையும் வைத்தால் பதாகையைவிட அதுவே அதிகம் பேசும். ஆனால் கரையில் இருந்து மணலை அள்ளிக்கொண்டு வராமல், முறைப்படி அனுமதி பெற்று ஒரு சிறு மாதிரியைப் பெற்றுக்கொள்வதே சரியானது. கனியங்கள் தொடர்பான 1992ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

துறைமுகத்துக்கும் வருவோம். மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி, மூதூருக்கு அருகே கொட்டியாரக்குடாவில் கலக்கிறது. இவ்வளவு பெரிய ஆறு கலக்கும் குடா மணலால் தூர்ந்து போகாமல் ஆழமாகவே இருப்பதற்கு, கரைக்கு மிக அருகில் தொடங்கி ஆழ்கடல் வரை இறங்கும் திருகோணமலைக் கடலடிப் பள்ளத்தாக்கு முக்கிய காரணம். ஆறு கொண்டுவரும் அடையலின் ஒரு பகுதி அதன் வழியே ஆழத்துக்கு வழுக்கிச் சென்றுவிடுகிறது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது என்பதையும் சேர்த்து நினைத்தால், இன்று கப்பல்கள் நிற்கும் இடத்தின் பெரும்பகுதி அன்று ஆற்றுப் பள்ளமாக இருந்திருக்க வேண்டும் என்பது விளங்கும். இது கடற் புவிச்சரிதவியலுக்கு நல்ல பதாகை.

பொறியியற் புவிச்சரிதவியலுக்கு மட்டும் மாவட்டத்தை விட்டு வெளியே செல்லுங்கள். சமனலவெவ அணைக்கட்டின் வலப்பக்கக் கரையில் சுண்ணாம்புத் தன்மையுள்ள பாறை கரைந்து உண்டான துவாரங்களின் வழியே 1992இல் நீர் பீறிட்டது. அந்தக் கசிவை அடைக்கப் பின்னர் பெருமுயற்சி செய்ய வேண்டியிருந்தது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலைச்சரிவு சரிந்து தோட்டக் குடியிருப்புகளை மூடியதை நம் சனம் மறக்கவில்லை. எந்தச் சரிவு நிற்கும், எது மழையில் இளகும் என்பதை முன்கூட்டிச் சொல்லி, அந்த இடத்தில் வீடு கட்டாமல் தடுப்பதே இக்கிளையின் முதற்கடமை.

உப்புவெளி ஆசிரியர் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பதாகைகளை இடங்களின் வழியே அடுக்குவதென்று மாணவர்களோடு பேசி முடிவு செய்துவிட்டோம். இன்னும் இரண்டு ஐயங்கள் எஞ்சுகின்றன. உயிர்ச்சுவட்டியலையும் படையியலையும் எங்கள் மாவட்டத்தில் எங்கே காட்டுவது? எவ்வளவு தேடியும் உயிர்ச்சுவடு எதுவும் அகப்படவில்லை என்கிறார்கள் மாணவர்கள். மேலும், ஒரு மாணவி இத்துறையைப் பல்கலைக்கழகத்தில் படிக்க விரும்புகிறாள். அவள் உயர்தரத்தில் கலைப்பிரிவில் புவியியல் படிப்பவள். அவளுக்கு வழி உண்டா?

நிலாவரை எழுதியது:

ஐயா, மாணவர் தேடிய இடத்தில் உயிர்ச்சுவடு அகப்படாததே ஒரு நல்ல பாடம். 20 கிலோமீற்றர் ஆழத்தில் 800 பாகையில் வெந்த பாறையில் ஓடோ இலையோ எஞ்சியிருக்க வழியில்லை. அத்துடன் அந்த மணல் படிந்த காலத்தில் ஓடுள்ள உயிரினங்களே உலகில் தோன்றியிருக்கவில்லை. அந்தப் பதாகையில் கோணேசர் மலையின் படத்தைப் போட்டு, இங்கே ஏன் உயிர்ச்சுவடு இல்லை என்று தலைப்பிடலாம்.

உயிர்ச்சுவடுள்ள பாறைக்கு யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல் பொருத்தமானது. மயோசீன் காலத்தில், அதாவது ஏறத்தாழ 2 கோடி 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் 53 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், ஆழமற்ற கடலில் படிந்த கல் அது. கிணறு வெட்டிய இடங்களில் கிடக்கும் கற்களைக் கவனித்தால் சிப்பிகளின் அச்சும் பவளத்தின் துண்டும் தெரியும். அதனிலும் பழையதாக, புத்தளம் மாவட்டத்தின் தப்போவ, ஆண்டிகம ஆகிய இடங்களில் யுராசிக் காலத்து இலைச்சுவடுகள் கொண்ட படைகள் உள்ளன. கொண்டுவானா உடைந்து பிரிந்துகொண்டிருந்த காலத்தில், நிலம் இறங்கிய பள்ளங்களில் படிந்து தப்பிய சிறு எச்சங்கள் அவை.

உயிர்ச்சுவட்டியலும் படையியலும் சேர்ந்தே வளர்ந்தன. அடுக்காகப் படிந்த படைகளில் குழப்பம் நேராத வரை கீழே உள்ளது மூத்தது என்ற நெறியை ஸ்டெனோ 1669இல் எழுதினார். இங்கிலாந்தில் கால்வாய் வெட்டும் பணியில் நில அளவையாளராக இருந்த வில்லியம் சிமித், ஒவ்வொரு படைக்கும் அதற்கேயுரிய உயிர்ச்சுவடுகள் உண்டென்றும் அவற்றைக் கொண்டு தொலைவிலுள்ள படைகளையும் இனங்காணலாம் என்றும் கண்டு, 1815இல் தம் நாட்டின் புவிச்சரிதவியல் படத்தை வெளியிட்டார். படையியல் என்பது இவ்வாறு படைகளை ஒழுங்கில் வைத்து ஓரிடத்தை மற்றோரிடத்தோடு பொருத்துவது. உயிர்ச்சுவட்டியல் அந்தப் படைகளில் வாழ்ந்த உயிரினங்களின் உடலமைப்பையும் வாழ்க்கையையும் மாற்றத்தையும் ஆராய்வது. சேர்கோனில் வயது அளக்கும் முறை வந்தது இவற்றுக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகுதான். அதுவரை எது முந்தியது, எது பிந்தியது என்று மட்டுமே சொல்ல முடிந்தது, எத்தனை ஆண்டுகள் என்று சொல்ல முடியவில்லை.

படையியலைத் திருகோணமலைக்கு அண்மையில் காட்ட விரும்பினால் களப்புகளின் சேற்றை நினைத்துப் பாருங்கள். அமைதியான களப்பில் ஆண்டுதோறும் மென்மையான சேறு படியும்; ஆழிப்பேரலை வந்தால் கடல்மணல் ஒரு தனிப் படையாக அதன்மேல் விரியும். இலங்கையின் தென்கிழக்குக் கரையிலுள்ள கரகன் களப்பில் குழாய் இறக்கி எடுத்த சேற்று மாதிரிகளில், 2004ஆம் ஆண்டு மணலுக்குக் கீழே அதற்கு மிகவும் முற்பட்ட ஆழிப்பேரலைகள் விட்டுச் சென்ற மணற்படைகளும் கண்டறியப்பட்டிருக்கின்றன. கோடி ஆண்டுக் கணக்கில் பேசும் ஒரு துறை, நம் வாழ்நாளில் நடந்ததையும் அதே முறையால் படிக்கிறது என்பதை மாணவர் இதிலிருந்து உணர்வார்கள்.

மாணவியின் கேள்விக்கு நேர்மையான பதிலைச் சொல்லிவிடுகிறேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்தில் புவிச்சரிதவியல் துறை இருக்கிறது. அங்கே செல்ல உயர்தரத்தில் விஞ்ஞான அல்லது கணிதப் பாடங்கள் வேண்டும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தில் புவிவளப் பொறியியல் உண்டு; அதற்குக் கணிதப் பிரிவு. கலைப்பிரிவில் புவியியல் படிப்பவர் நேராக இவற்றுள் நுழைய இயலாது. ஆனால் கலைப்பீடத்தில் புவியியலைச் சிறப்புப் பாடமாக எடுத்து, அதற்குள் புவிவெளியுருவவியல், நீரியல், அனர்த்த முகாமைத்துவம் ஆகியவற்றில் ஆழமாகச் செல்லலாம். இரசாயனமும் பௌதிகமும் இன்றிக் கனியவியலிலும் புவியிரசாயனவியலிலும் நிற்பது கடினம் என்பதையும், இத்துறைகளை ஆங்கில மூலமே கற்க வேண்டியிருக்கும் என்பதையும் அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அவளுடைய தம்பி தங்கையர் யாரேனும் சாதாரண தரத்தில் இருந்தால், பாடத் தெரிவுக்கு முன்னரே அவர்களுக்கும் சொல்வது நல்லது.

கருங்கல் எழுதியது:

கொட்டியாரக்குடா அவர்களின் திருத்தம் நியாயமானதே. இடத்தாலும் பயனாலும் பிரிந்த கிளைகளுக்கு என் விளக்கம் பொருந்தாது. ஆசிரியர் ஐயா, பதாகைகளோடு கற்களையும் வைக்க எண்ணினால் ஒரு சிறு யோசனை. குவாட்சைட், சார்னொக்கைட், பளிங்குக்கல், யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல் ஆகிய நான்கையும் மேசையில் வைத்து, பக்கத்தில் ஒரு சிறு போத்தலில் வினாகிரியும் ஓர் இரும்பு ஆணியும் வையுங்கள். சுண்ணாம்புக்கல்லில் வினாகிரி நுரைக்கும். பளிங்குக்கல்லில் மெல்ல நுரைக்கும். தூளாக்கினால் நன்றாகத் தெரியும். மற்ற இரண்டும் அசையா. ஆணியால் கீறினால் குவாட்சைட்டில் கோடு விழாது, ஆணியின் இரும்புதான் கல்லில் ஒட்டும். சார்னொக்கைட்டை 1893இல் விவரித்தவர் ஹொலண்ட் என்ற ஆய்வாளர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பனி அதிகாரி ஜோப் சார்னொக்கின் கல்லறைக்குப் பயன்பட்ட கல் அது, அதே வகைக் கல் சென்னைக்கு அருகேயுள்ள பரங்கிமலையில் இருக்கிறது. சிறு பிள்ளைகள் வினாகிரியைக் கண்ணருகே கொண்டுபோகாதபடி மேசைக்கு ஒரு மாணவரைப் பொறுப்பாக நிறுத்துங்கள்.